ஜனவரி உயர்வு

காபிக்கு நன்றி ஐயா. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், பரவாயில்லை. என் வயதில் யாராவது போட்டுக் கொடுத்தால் குறை சொல்லக் கூடாது. உங்கள் அறைச் சூடாக்கி டொக் டொக் என்று தட்டுகிறதே, கவனித்தீர்களா? உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பக்கவாட்டில் ஒரு திருகாணி இருக்கும். அதைத் திறந்து காற்றை விட்டால் அடங்கிவிடும். நாற்பத்தொரு வருடம் இந்தத் தொங்யொங் ஊரில் வீட்டுத் தரையைச் சூடாக்கும் எரிவாயு பாய்லர் வேலை பார்த்தவன் நான். எங்கே போனாலும் காது முதலில் அங்கேதான் போய் நிற்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதம் கிடைத்தது. பியோ ஜொங்தே, வயது எழுபத்து நான்கு. தக் சுன்யே, வயது அறுபத்தொன்பது. இருவரும் விவாகரத்து ஆனதாகப் பொய் சொல்லிவிட்டு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறார்கள், தனி ஆளுக்குரிய முழு முதியோர் ஓய்வூதியத்தையும் ஆளுக்கொன்றாக வாங்குகிறார்கள் என்று யாரோ புகார் எழுதியிருக்கிறார்கள். மூன்று வருடத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கட்ட வேண்டும் என்கிறது கடிதம். திருட்டு என்ற வார்த்தையை நீங்கள் எழுதவில்லை. ஆனால் படிக்கிறவனுக்கு அதுதான் தெரிகிறது. என்னை ஒருவரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. வேலைக்குப் போன வீட்டில் ஒரு ஆணியைக்கூட நான் எடுத்து வந்தது கிடையாது. அதனால்தான் நீங்கள் கூப்பிடும் முன்பே பேருந்து பிடித்து வந்தேன். நடந்ததை முழுவதும் சொல்லிவிடுகிறேன். பாதியில் நிறுத்தினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள்.

விதி உங்களுக்குத் தெரியும். ஜனவரி பிறந்தால் போன வருடம் விலைவாசி எவ்வளவு ஏறியதோ அதைப் பார்த்து ஓய்வூதியத்தையும் ஏற்றுவீர்கள். இருபத்தைந்தாம் தேதி வங்கிக்கு வந்துவிடும். ஆனால் கணவனும் மனைவியும் சேர்ந்து வாழ்ந்தால் இருவருக்கும் ஐந்தில் ஒரு பங்கு வெட்டு. ஒரே பானையில் சோறு, ஒரே தரையில் சூடு, செலவு குறைவுதானே என்பது அரசின் நியாயம். ஒரு வீட்டுச் சூட்டில் இரண்டு பேர் படுக்கலாம் என்பதைப் பாய்லர்காரன் நான் மறுக்க மாட்டேன். ஆனால் சுன்யேவுக்கு அறுபத்தைந்து முடிந்து அவளுக்கும் ஓய்வூதியம் வரத் தொடங்கிய மாதம் என் பணம் குறைந்துபோனது. அடுத்த ஜனவரியில் வந்த உயர்விலும் வெட்டு. விலை ஏறியதற்காகக் கொடுக்கிற உயர்விலேயே வெட்டினால் என்ன அர்த்தம்? முள்ளங்கி விற்கிறவள் எங்களுக்கு மட்டும் ஐந்தில் ஒன்று குறைத்தா விற்கிறாள்?

இதை முதியோர் மன்றத்தில் சீட்டு விளையாடும்போது சொன்னேன். குவாக் என்று ஒருவர், பழைய மீன்பிடிப் படகுத் தலைவர், வாய் சும்மா இருக்காது.

"டேய் ஜொங்தே, பொஞ்சாதியக் கட்டிக்கிட்டுத் தூங்குறதுக்கு நீ மாசாமாசம் அபராதம் கட்டுறடா," என்றார். "ஒரு கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சுரு. ரெண்டு பேருக்கும் முழுசா வரும். அறுபத்தாறு வயசுல அவ எங்க ஓடிப்போயிரப் போறா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

சுன்யேவைச் சம்மதிக்க வைக்க எட்டு மாதம் ஆனது. நாங்கள் எங்கள் மகள் பெயரைச் சொல்லித்தான் ஒருவரை ஒருவர் கூப்பிடுவோம். அவள் யுன்ஜூ அம்மா, நான் யுன்ஜூ அப்பா.

"ஊரு சிரிக்காதா? யுன்ஜூவுக்கு என்ன பதில் சொல்றது?" என்றாள்.

"ஊருக்கு யாரு சொல்லப் போறா? வெறும் காகிதம் யுன்ஜூ அம்மா."

"காகிதத்துல மட்டும்தானா?"

"காகிதத்துல மட்டும்தான்."

அவள் கழுவி வைத்த பாத்திரத்தையே மறுபடி எடுத்துக் கழுவினாள். பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

நீதிமன்றத்தில் மனு கொடுத்தால் ஒரு மாதம் யோசிக்கச் சொல்வார்கள். பிறகு இருவரும் நேரில் போய் நீதிபதி முன்னால் வாயால் சொல்ல வேண்டும். என்னிடம் கேட்டபோது நான் தொண்டையைச் செருமிக்கொண்டு சம்மதம் என்றேன். அவளிடம் கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. வெளியே வந்து நூடுல்ஸ் கடைக்குப் போனோம். நாற்பத்து மூன்று வருடமாக நான் "கறுப்புச் சோயாச் சாந்து போட்டது ரெண்டு" என்பேன், இரண்டு வரும். அன்றைக்கு நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பணிப்பெண்ணிடம், "எனக்குக் காரமா, கடல் சிப்பி போட்டது" என்றாள். அது அவளுக்குப் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது. வியர்க்க வியர்க்கச் சாப்பிட்டாள்.

வெறும் காகிதம் என்றாலும் முகவரி வேறாக இருக்க வேண்டுமே. துறைமுகத்துக்குப் பின்னால் மேட்டுத் தெருவில் போங்ஜா என்ற விதவையின் வீட்டு மாடியில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தேன். போங்ஜாவும் சுன்யேவும் ஒரே கொட்டகையில் கடல் சிப்பி உடைக்கும் வேலை பார்ப்பவர்கள். அறையில் பாய்லர் இல்லை. பழைய பாய்லர் ஒன்றைச் சுத்தம் செய்து, குழாய் இழுத்து, பின்வராந்தாவில் நானே பொருத்திக் கொடுத்தேன். கூலி வாங்கவில்லை. திட்டம் இதுதான்: கடிதங்கள் அங்கே வரும், ஒரு பல்துலக்கியும் ஒரு ஜோடிச் செருப்பும் அங்கே இருக்கும், அவள் இங்கே இருப்பாள்.

இரண்டாவது வாரமே உங்கள் அலுவலகப் பெண் ஒருத்தி சோதனைக்கு வரப்போவதாகச் சொன்னாள். அதனால் சுன்யே பத்து நாள் அங்கே தங்கினாள். பிறகு சிப்பிப் பருவம் தொடங்கியது. விடியும் முன்பே கொட்டகைக்குப் போக அங்கிருந்து பக்கம் என்றாள். சரி என்றேன். பருவம் முடிந்து வசந்தம் வந்தது. "எப்ப வர்ற?" என்று கேட்டேன்.

"இங்க நல்லாத் தூக்கம் வருதுங்க," என்றாள்.

என் வீட்டில் என்ன தூக்கம் கெட்டது என்று நிறைய யோசித்தேன். நியாயமாகத்தான் யோசித்தேன். பாய்லர் விசையை ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருந்தேன், சாவி என்னிடம். எந்த மாதத்தில் எவ்வளவு சூடு வேண்டும் என்று தெரிந்தவன் நான், அவள் இல்லை. முட்டையை எண்ணி வைத்தேன், எண்ணாவிட்டால் வீணாகும். அவள் கைப்பேசியில் யார் யார் பேசினார்கள் என்று இரவில் ஒரு பார்வை பார்ப்பேன், வயதானவர்களை ஏமாற்றுகிற காலம் இது. கையை ஓங்கியதும் உண்டு. என் தலைமுறைக்கு அது அதிகம் இல்லை. என் பாய்லர் கடையை மூடிய வருடம் கொஞ்சம் கூடுதலாக இருந்திருக்கலாம். ஒருமுறை அவளுக்குக் காது கேட்கவில்லை, இரண்டு வாரத்தில் சரியாகிவிட்டது.

அந்த மாடி அறைக்கு நான் போகும்போதெல்லாம் பார்ப்பேன், ஜனவரி குளிரில் அரைக்கைச் சட்டை போட்டுக்கொண்டு நடமாடுவாள். சூட்டை இருபத்தைந்து டிகிரியில் வைத்திருப்பாள். கொட்டகையில் அவளை யுன்ஜூ அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லிவிட்டாளாம். சுன்யே அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். அறுபத்தேழு வயதில் அவளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

நான் யாரிடம் போய் முறையிட முடியும் சொல்லுங்கள். மனைவி வீட்டுக்கு வரவில்லை என்று சொன்னால், எந்த மனைவி என்று கேட்பார்கள். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன் நான்தான். நீதிபதி முன்னால் நின்றவனும் நான்தான். காகிதத்தைக் கிழித்துப்போட்டுத் திரும்பச் சேரலாம் என்றால் அதற்கும் அவள் கையெழுத்து வேண்டும். அவளுக்கு எல்லாக் கதவும் திறந்திருந்தது. எனக்கு ஒன்றுகூட இல்லை. காலையில் எழுந்தால் யாரும் இல்லாத சமையலறை. அரிசியை எவ்வளவு தண்ணீரில் வேகவைப்பது என்று எழுபத்தொரு வயதில் கற்றுக்கொண்டேன். பெட்டிக்குள் பூட்டிய பாய்லர் விசையை நானே திறந்து நானே பூட்டினேன்.

பொறுத்தார் பூமியாள்வார் என்று காத்திருந்தேன். அவளுக்கு என்ன வருமானம்? ஓய்வூதியமும் சிப்பிக் கூலியும். வாடகை, எரிவாயு, அரிசி எல்லாவற்றையும் அவளே பார்க்க வேண்டும். விலைவாசி ஏறிக்கொண்டே போனால் எத்தனை நாள் தாங்குவாள்? தொலைக்காட்சியில் முட்டைக்கோஸ் விலை இரண்டு மடங்கு என்று சொன்னால் மன்றத்தில் எல்லாரும் தலையில் கைவைத்துக்கொள்வார்கள். நான் ஒருவன்தான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். எரிவாயுக் கட்டணம் ஏறிய அன்று எல்லாருக்கும் அரிசிக்கள் வாங்கி ஊற்றினேன்.

"என்னடா விசேஷம்? லாட்டரி விழுந்துருச்சா?" என்றார் குவாக்.

ஆனால் ஜனவரி வந்தது. ஏறிய விலையை நீங்கள் அளந்து பார்த்து அவளுக்கும் ஏற்றிக் கொடுத்துவிட்டீர்கள். முழுதாக, வெட்டில்லாமல். வங்கியில் வரிசையில் நின்றபோது அவளே சொன்னாள்: "இந்த வருசம் ஏத்துனது கேஸுக்குச் சரியாப் போச்சுங்க. கவர்மெண்டு நம்மள மறக்கல." அடுத்த ஜனவரியும் அப்படியே. நான் எதை நம்பி உட்கார்ந்திருந்தேனோ அதை ஒவ்வொரு வருடமும் நீங்கள் துடைத்துப்போட்டீர்கள். விலை ஏறாவிட்டால் அவள் வரமாட்டாள். ஏறினால் உயர்வு வரும், அப்போதும் வரமாட்டாள். அவள் உயிரோடு இருக்கும்வரை இது இப்படியே போகும் என்று எனக்குப் புரிந்தது. உங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறீர்கள்.

இந்த வருட ஜனவரிக்கு வருகிறேன். உயர்வு வங்கிக்கு வந்த மறுநாள் அவள் அறைக்குப் போனேன். நான்கு நாளில் சந்திரப் புத்தாண்டு. என் முன்னோர்களுக்குப் படையல் வைக்க வேண்டும். அதற்குச் சமைப்பது வீட்டு மருமகளின் வேலை. முந்தைய இரண்டு வருடமும் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு, சமைத்ததை யுன்ஜூவிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். இந்த முறை நேரில் வரவேண்டும் என்று சொல்லத்தான் போனேன். போங்ஜாவும் அங்கே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"படையலுக்குச் சமைக்கணும். முந்தின நாளே வந்துரு," என்றேன்.

"யாரு வீட்டுப் படையலுக்கு?" என்றாள் சுன்யே.

"என்ன கேள்வி இது? எங்கப்பாவுக்கு, எங்க தாத்தாவுக்கு."

"அவங்க உங்க அப்பா, உங்க தாத்தா. எனக்கு என்ன உறவு? காகிதத்த எடுத்துப் பாருங்க. நீங்கதானே எழுதச் சொன்னீங்க."

போங்ஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கடையில எல்லாம் செஞ்சு டப்பாவுல அடச்சு விக்கிறான் பெரியவரே. வாங்கி வச்சுக் கும்புடுங்க. செத்தவங்க ரசீதா கேக்கப் போறாங்க?"

சுன்யே சிரிக்கவில்லை. அவள் என்றைக்கும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை, அது அவள் குணம். எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "உங்ககிட்ட ஒரு விசயம் சொல்லணும்னு இருந்தேன்," என்றாள். "ரூமை இன்னும் ரெண்டு வருசத்துக்கு எழுதிட்டேன். வாடகை கொஞ்சம் ஏறுது, உயர்வு வந்ததுல அது சரியாப் போயிரும். என்னப் பத்திக் கவலைப்படாதீங்க."

தேநீரைக் குடித்து முடித்தேன். பிறகு, வந்ததற்குப் பாய்லரை ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன்.

"பாருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்," என்றாள்.

பாய்லரும் புகைக்குழாயும் சேரும் இடத்தில் ஓர் இரும்புப் பட்டை இருக்கும். மூன்று வருடத்துக்கு முன் நான் போட்டது, ஆடாமல் அசையாமல் இருந்தது. நல்ல வேலை. அதைத் தளர்த்தினேன். ஒரு விரல்கூட நுழையாத அளவுக்குத்தான். குளிர் உள்ளே வராமல் இருக்கட்டும் என்று ஜன்னல்களுக்கெல்லாம் காற்றுக்குமிழ் பிளாஸ்டிக் உறை ஒட்டிக் கொடுத்ததும் நான்தான். ஆனால் அது நவம்பரில், அப்போது எனக்கு வேறு நினைப்பு எதுவும் இல்லை. அதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அவளைக் கொல்ல நினைத்தேன் என்று தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை பேரைக் கண்ணுக்குத் தெரியாத இந்த விஷப்புகையிலிருந்து வெளியே இழுத்திருக்கிறேன். எவ்வளவு போனால் தலைவலி, எவ்வளவு போனால் சவப்பெட்டி என்று எனக்குத் தெரியும். தனியாக இருக்கிறவளுக்கு உடம்பு முடியாமல் போனால் வீட்டு நினைப்பு வரும். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது. உதவித்தொகை அவள் பையை நிரப்பலாம், நெற்றியைத் தொட்டுப் பார்க்குமா?

இரண்டு வாரம் ஆனது. காலையில் தலை கனக்கிறது, வாந்தி வருகிறது என்று மருத்துவரிடம் போயிருக்கிறாள். அவர் இரத்த அழுத்தம் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். பிப்ரவரி பதினொன்றாம் தேதி, மூன்று வருடத்தில் முதல்முறையாக, அவளாகவே எனக்குத் தொலைபேசியில் பேசினாள்.

"யுன்ஜூ அப்பா, வீட்டுக்குள்ள இருந்தாத்தான் தலை சுத்துது. கொட்டகைக்குப் போனா நல்லா இருக்கு. பாய்லர்ல ஏதாவது கோளாறா இருக்குமோன்னு போங்ஜா சொல்றா. ஒருதடவ வந்து பாத்துட்டுப் போறீங்களா?"

யுன்ஜூ அப்பா என்று அவள் கூப்பிட்டதில் எனக்குச் சந்தோஷம். அதை மறைக்க விரும்பவில்லை. கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு உடனே போனேன். பின்வராந்தாவில் கைவிளக்கை அடித்துக் கால்மணி நேரம் பார்த்தேன். அவள் ஒரு கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசற்படியில் நின்றாள். முகம் சோர்ந்து, கன்னம் மட்டும் நன்றாகச் சிவந்திருந்தது. அந்தச் சிவப்பு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"பாய்லர் நல்லாத்தான் இருக்கு," என்றேன். "வயசாயிருச்சுல்ல. தனியா இருந்தா இப்படித்தான் ஏதாவது வரும்."

"அப்படியா," என்றாள். "நீங்க பாத்தாச் சரியாத்தான் இருக்கும்."

அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவள் என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை ஐயா. என் தொழிலைப் பற்றி யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை. அதில் எனக்குப் பெருமை உண்டு.

"வீட்டுக்கு வந்துரு. கஞ்சி வச்சுத் தர்றேன், இப்ப எனக்கு வைக்கத் தெரியும்," என்றேன்.

கொஞ்சம் யோசித்தாள். வந்துவிடுவாள் என்றே நினைத்தேன். பிறகு தலையை ஆட்டினாள். "வேணாங்க. போங்ஜா வச்சுத் தர்றா. ரெண்டு நாள் பாக்குறேன்."

செருப்பைப் போட்டுக்கொண்டேன். படியில் இரண்டு அடி இறங்கினேன். பிறகு கைவிளக்கை மறந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பி மேலே ஏறினேன். அவள் வழிவிட்டாள். பின்வராந்தாவுக்குப் போய் அந்தப் பட்டையை இன்னும் கொஞ்சம் தளர்த்தினேன். இந்த முறை நான் அளந்து பார்க்கவில்லை. அதுதான் உண்மை. கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

பதின்மூன்றாம் தேதி கடுங்குளிர். விடிந்தும் சுன்யே கொட்டகைக்குக் கிளம்பி வரவில்லை என்று போங்ஜா மேலே போய்ப் பார்த்திருக்கிறாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு அடுத்து என்னைத்தான் கூப்பிட்டாள். நான் போனபோது எல்லாருமாக அவளைக் கீழே இறக்கிக்கொண்டிருந்தார்கள். எரிவாயுவை அடைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நான் மட்டும் மேலே நின்றேன். அடைத்தேன். பட்டையையும் பழையபடி இறுக்கினேன். எரிவாயு நிறுவனத்திலிருந்து வந்து பார்த்தவர்கள் குழாயில் குறை எதுவும் இல்லை என்றார்கள். ஜன்னலில் ஒட்டியிருந்த உறையைக் காட்டினேன். ஊர்ப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது, எரிவாயுச் செலவுக்குப் பயந்து காற்றுவழியெல்லாம் அடைத்துவைத்த மூதாட்டி மயக்கம் என்று. விலைவாசி ஏழைகளை என்ன பாடு படுத்துகிறது என்று மன்றத்தில் அன்று பூரா பேச்சு. குவாக் அழுதுவிட்டார்.

ஏறக்குறைய ஏழு வாரம் மருத்துவமனையில் இருந்தாள். ஏப்ரல் இரண்டாம் தேதி என் வீட்டுக்கு அழைத்துவந்தேன். மூளையில் கொஞ்சம் போய்விட்டது, திரும்பாது என்றார்கள். யுன்ஜூ தான் இருக்கும் சாங்வொன் நகரத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க மட்டும் இல்லேன்னா அம்மா கதி என்னாயிருக்கும்ப்பா," என்று அழுதாள். நான்தான் குளிப்பாட்டுகிறேன். நான்தான் ஊட்டுகிறேன். பாய்லரை இருபத்தைந்தில் வைத்திருக்கிறேன், அவளுக்காக. மரப்பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டேன். கதவில் மட்டும் அவள் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு பூட்டுப் போட்டிருக்கிறேன், தவறிப்போய் வெளியே போய்விடக் கூடாதே. அக்கம்பக்கத்தில் என்னைப் பார்த்து, கட்டினவன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்கிறார்கள். போங்ஜா மட்டும் ஒரு மாதிரிப் பார்க்கிறாள். உங்களுக்குப் புகார் எழுதியது அவள்தான் என்று நினைக்கிறேன். வேறு எதை எழுதுவது என்று அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஏன் ஐயா எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள்? முக்கியமானதே இனிமேல்தான்.

ஏப்ரல் இரண்டிலிருந்து நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், ஒப்புக்கொள்கிறேன். அன்றிலிருந்து ஐந்தில் ஒரு பங்கைக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள், கட்டிவிடுகிறேன். மறுபடி திருமணப் பதிவுக்கும் மனு எழுதி வைத்திருக்கிறேன், கையெழுத்துக்குப் பதிலாகப் பதிக்கிற அவளுடைய பெயர் முத்திரை என்னிடம் இருக்கிறது. வருகிற ஜனவரி உயர்வில் நீங்கள் வெட்டிக்கொள்ளலாம், ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். பணத்துக்காகச் செய்தவன் இப்படிப் பேசுவானா? அதற்கு முந்தைய மூன்று வருடம் வேறு. அந்த மூன்று வருடமும் அவள் என்னோடு வாழவில்லை. ஒருநாள்கூட இல்லை. அந்தப் பணத்தைத் திருட்டு என்று சொன்னால் நான் தாங்க மாட்டேன்.

நம்பாவிட்டால் வீட்டுக்கு வந்து அவளையே கேளுங்கள். என் பெயர் அவளுக்கு இப்போது தெரியாது. யுன்ஜூ பெயரும் தெரியாது. ஆனால் தினமும் மாலையானால் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கதவருகே வந்து நின்று, வீட்டுக்குப் போகணும், கதவைத் திறங்க என்கிறாள். எந்த வீடு என்று கேட்டால், மேட்டுத் தெரு, இருபத்தேழாம் எண், மாடி அறை என்று ஓர் எழுத்துப் பிசகாமல் சொல்கிறாள். அவள் அங்கேதான் வாழ்ந்தாள் என்பதற்கு இதைவிட உங்களுக்கு வேறென்ன சாட்சி ஐயா வேண்டும்?